பழைய குப்பியில் இஞ்சி சோடாவும் நன்னாரியும்: கழுவுறது வேற, கிருமி நீக்குறது வேற

கருங்கல்_சாயா
வணக்கம். ஆக்கர் (பழைய சாமான்) கடையிலயும் அக்கம்பக்கத்து வீடுகள்லயும் சேர்த்த 60 கண்ணாடிக் குப்பி இருக்கு. 24 பழுப்பு பீர் குப்பி (650 மி.லி.), 20 கூல்டிரிங்ஸ் குப்பி, மிச்சம் பிராந்தி, தக்காளி சாஸ், தேங்காய் எண்ணெய் குப்பிகள். இஞ்சி உறை (இஞ்சியும் சீனியும் போட்டுப் புளிக்க வச்சது) போட்டு நுரைக்க வைக்கிற சோடாவும், நன்னாரி சர்பத்தும் அடைக்கணும். மூணு கேள்வி. பாத்திர சோப்பு போட்டுக் கழுவினா போதுமா? பிளீச் ஊத்தினா அந்தப் பிளீச் வாசம் அப்புறம் போகுமா? கொதிக்கிற வெள்ளத்துல (தண்ணியில) போட்டா கண்ணாடி பொட்டுமா?

சோடா_பட்டறை (தக்கலை)
கழுவுறதுக்கு முன்னால தரம் பிரிங்க. 60-ல 60-ம் தேறாது. 40 தேறினா நல்லது.

நுரைக்கிற சரக்குக்குப் பீர் குப்பியும் கூல்டிரிங்ஸ் குப்பியும் மட்டும்தான் ஆகும். உள்ளே இருந்து வர்ற அழுத்தத்தைத் தாங்கணும்னு செஞ்ச கண்ணாடி அது. பிராந்திக் குப்பி, சாஸ் குப்பி, தேன் குப்பி எல்லாம் அழுத்தத்துக்குச் செஞ்சதே இல்ல. சதுரமா, தட்டையா இருக்கிற குப்பி அதைவிட மோசம், மூலையிலதான் முதல்ல விடும். அதுகளை நன்னாரிக்கு வச்சுக்கிடுங்க.

வாய் பாருங்க. கையால தடவாதீங்க, அறுக்கும். பழைய நைலான் துணி, இல்லன்னா கொஞ்சம் பஞ்சு எடுத்து வாயைச் சுத்தித் தேய்ங்க. எங்கேயாவது நூல் மாட்டினா அங்க சில்லு போயிருக்கு. அந்தக் குப்பியில மூடி இறுகாது, அடைக்கும்போது கண்ணாடித் துண்டும் உள்ளே விழும். அதைத் தூக்கிப் போடுங்க.

அப்புறம் தோள்பட்டையிலயும் அடியிலயும் வெள்ளை வளையமா தேய்ஞ்சிருக்கா பாருங்க. கம்பெனிக்குப் பல தடவை போய்வந்த குப்பி ஒண்ணோடொண்ணு உரசி இப்படி ஆகும். லேசா இருந்தா சர்பத்துக்கு ஓடும். விரல் அகலத்துக்குச் சொரசொரப்பா இருந்தா நுரைக்கிற சரக்கு அதுல வேண்டாம். கண்ணாடியோட பலம் அதோட மேல்தோல்லதான் இருக்கு. கீறல் விழுந்த இடத்துல இருந்துதான் அது உடையத் தொடங்கும்.

ரப்பர்_காடு (குலசேகரம்)
தரம் பிரிக்கையில இன்னொண்ணும் கட்டாயம் பாருங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குப் பக்கத்துல ரப்பர் பால் எடுக்கிற வீடு நிறைய. பால் உறையாம இருக்க அமோனியா, ஷீட் அடிக்கப் பார்மிக் ஆசிட். கேன்ல வாங்கி, கொஞ்சத்தைப் பழைய குப்பியில ஊத்தி வச்சுக்கிடுறது இங்க வழக்கம். மண்ணெண்ணெய், பெனாயில், பூச்சி மருந்தும் அதே கதிதான். பூர்வீகம் தெரியாத குப்பி எதுவா இருந்தாலும் மூடியைத் திறந்து மோந்து பாருங்க, மூக்கைக் குப்பிக்கிட்ட கொண்டு போகாம கையால காத்தைத் தள்ளி. சந்தேகம் வந்தா கழுவ வேண்டாம், கழிச்சிருங்க. இந்த விஷயத்துல சிக்கனம் பாக்கக் கூடாது.

இன்னொரு காரணம் இருக்கு. அமோனியா மிச்சம் இருக்கிற குப்பியில பிளீச் ஊத்தினா குளோரமின் ஆவி வரும். ஆசிட் மிச்சத்துல பிளீச் ஊத்தினா குளோரின் வாயு. ரெண்டுமே மூச்சுக்குழலைப் பிடிக்கும்.

கந்தகம்
கருங்கல் அண்ணன் கேட்டதுல ரெண்டு வேலை கலந்து கிடக்குது. அழுக்கு எடுப்பது ஒன்று. கிருமி நீக்குவது இன்னொன்று. முதலாவது சரியாக நடக்காமல் இரண்டாவது நடக்கவே நடக்காது. குப்பியின் அடி ஓரத்தில் காய்ந்த பீர் மிச்சமோ பூஞ்சணமோ ஒரு மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால், அதன் அடியில் இருக்கும் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் எந்த மருந்தும் எட்டாது. பிளீச் அந்த அழுக்கோடு வினை புரிந்தே தீர்ந்துவிடும். பலர் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். குறை மருந்தில் இல்லை, கழுவலில் இருக்கிறது.

கழுவலுக்கு நான் சொல்வது சலவை சோடா. சமையல் சோடா இல்லை, சோடியம் கார்பனேட். 10 லிட்டர் வாளிக்கு 100 முதல் 150 கிராம், வெள்ளம் கை தாங்காத சூடு, சுமார் 60 டிகிரி. குப்பிக்குள் காற்றுக் குமிழி நிற்காதபடி சாய்த்து அமிழ்த்துங்கள். காகித லேபிள் என்றால் ஒரு ராத்திரி ஊறினால் தானாக மிதக்கும். கழுத்தில் இருக்கும் அலுமினியத் தாளை மட்டும் முன்னதாகவே உரித்துவிடுங்கள், காரத்தில் அது கரைந்து கறுப்புச் சேறாகும். இதே காரணத்துக்காக அலுமினியக் குட்டுவத்தில் (பெரிய பாத்திரத்தில்) சோடாக் கரைசல் வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் வாளி, இல்லை எவர்சில்வர்.

எண்ணெய்க் குப்பிக்குத் தனி வாளி. அந்தக் கரைசலில் பீர் குப்பியைப் போட்டால் எண்ணெய் அதற்கும் ஏறும். எண்ணெய்ப் படலம் இருந்தால் இஞ்சி சோடாவில் நுரை நிற்காது.

சோடா_பட்டறை (தக்கலை)
பட்டறைகள்ல காஸ்டிக் சோடா, 2 சதவீதம், 65–70 டிகிரி. வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்னு நானே சொல்லுவேன். கண்ணுல ஒரு துளி பட்டா பார்வை போகும். சலவை சோடாவும் பிரஷ்ஷும் பொறுமையும் இருந்தா அதே பலன் கிடைக்கும்.

பிரஷ் விஷயம்: நுனியில கம்பி தெரியுறது வாங்காதீங்க, அடியில கீறும். நுனியிலயும் நைலான் கொத்து இருக்கணும். தோள்பட்டைக்கு எட்ட, கம்பியைக் கொஞ்சம் வளைச்சுக்கிடுங்க. பிரஷ் போகாத சின்ன வாய்க் குப்பிக்கு ரெண்டு கரண்டி பச்சரிசி, 100 மி.லி. சுடு சோடாத் தண்ணி, வாயைப் பொத்தி ஒரு நிமிஷம் குலுக்குங்க. மணல் போட்டுக் குலுக்குறதை இன்னும் சிலர் செய்றாங்க. மணல் கண்ணாடியைக் கீறும். அந்தக் கீறல்லதான் அடுத்த தடவை கிருமி ஒளியும், குப்பியோட பலமும் குறையும்.

முட்டம்_காத்து
இங்க கடற்கரைப் பக்கம் கிணத்து வெள்ளத்துல உப்பும் சுண்ணாம்பும் ஜாஸ்தி. சலவை சோடா போட்டதும் வாளி பால் மாதிரி ஆயிருது. ராத்திரி ஊறவச்சா காலையில குப்பி முழுக்க வெள்ளைப் பொடி. தேய்ச்சாலும் போகல. என்ன செய்யலாம்?

கந்தகம்
அது அழுக்கு இல்லை, சுண்ணாம்பு. கடினமான வெள்ளத்தில் இருக்கும் கால்சியத்தைச் சோடா கார்பனேட்டாக இறக்கிக் கண்ணாடியில் படிய வைக்கிறது. சிட்ரிக் ஆசிட் லிட்டருக்கு 20 கிராம், அரை மணி நேரம். குமிழி விட்டுக் கரையும். வினிகர் இருந்தால் பாதிக்குப் பாதி வெள்ளம் கலந்து ஊற்றுங்கள். அக்கானி (பதநீர்) ஊற்றி வைத்த குப்பியிலும் இதே வெள்ளைப் படலம் இருக்கும், கலயத்தில் தடவிய சுண்ணாம்பு அது. மருந்தும் அதே.

படலத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. அது சொரசொரப்பான பரப்பு, கிருமி தங்க நல்ல இடம். இஞ்சி சோடா ஊற்றியதும் அந்தச் சொரசொரப்பில் இருந்துதான் குமிழி கிளம்பும். மூடி திறந்தவுடன் பாதி பானம் பொங்கி வெளியே போகும். கிருமித் தொற்று என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

அடுத்த தடவை மழைவெள்ளம் பிடித்துச் சோடா கலக்குங்கள், அல்லது ஊற வைக்கும் நேரத்தை 2 மணிக்குக் குறையுங்கள்.

ஒன்று கவனம்: சிட்ரிக் ஆசிட் கழுவலுக்கும் பிளீச்சுக்கும் நடுவில் நல்ல வெள்ளத்தில் இரண்டு முறை அலசியே ஆக வேண்டும். ரப்பர்_காடு சொன்ன அதே குளோரின் வாயுதான் காரணம்.

கருங்கல்_சாயா
குப்பி சுத்தமாயிட்டுன்னு எப்படி உறுதி செய்றது? கண்ணுக்குப் பளபளன்னுதான் இருக்கு.

சோடா_பட்டறை (தக்கலை)
மூணு சோதனை.

ஒண்ணு, ஈரமா இருக்கும்போதே டியூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சு, வாய் வழியா அடியைப் பாருங்க. அடி ஓரத்து வளைவு, தோள்பட்டை உள்பக்கம், பழைய பானம் நின்ன மட்டத்துக் கோடு, இந்த மூணு இடத்துலதான் படலம் இருக்கும்.

ரெண்டு, நல்ல வெள்ளம் ஊத்திக் கவுத்துங்க. உள்சுவர்ல வெள்ளம் ஒரே விரிப்பா வழிஞ்சா சுத்தம். முத்து முத்தா நின்னா எண்ணெயோ சோப்போ இன்னும் இருக்கு.

மூணு, காரம் போயிருச்சான்னு பாக்க மஞ்சள். மஞ்சத்தூளைக் குழைச்சு வெள்ளைத் தாள்ல தடவிக் காய வச்சு, துண்டு துண்டா வெட்டி வச்சுக்கிடுங்க. கடைசியா அலசின வெள்ளத்துல ஒரு சொட்டு. சிவந்தா இன்னும் சோடா இருக்கு. உங்க கிணத்து வெள்ளத்தையும் தனியா ஒரு துண்டுல சொட்டி ஒப்பிட்டுப் பாருங்க, சில கிணத்து வெள்ளமே லேசா நிறம் மாத்தும்.

சோப்பு போதுமான்னு கேட்டிருந்தீங்க. எண்ணெய்க் குப்பிக்கு மட்டும் போடுங்க. நாரங்கா (எலுமிச்சை) வாசம் போட்ட பாத்திர சோப்பு குப்பியில ஒட்டிக்கிடும், பத்து தடவை அலசினாலும் மணக்கும். நுரையையும் கொன்னுரும்.

மணவாளக்குறிச்சி_55
இவ்வளவு எதுக்கு? பிளீச் ஒரு மூடி ஊத்தி, வெள்ளம் நிறைச்சு, ஒரு ராத்திரி வச்சா அழுக்கும் போகும் கிருமியும் போகும். குளோரின் வெயில்ல காய வச்சா பறந்துரும்.

கந்தகம்
மூடி என்பது அளவு இல்லை. ஒரு கம்பெனி மூடி 5 மி.லி., இன்னொன்று 20. வீட்டு பிளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட் 4 அல்லது 5 சதவீதம் என்று போட்டிருக்கும். 5 சதவீதம் என்றால் 50,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு). நமக்குத் தேவை 200 பிபிஎம். அப்படியானால் லிட்டருக்கு 4 மி.லி. 4 சதவீதச் சரக்கு என்றால் 5 மி.லி. சுத்தமான குப்பிக்கு 10 நிமிஷம் தாராளம். ராத்திரி முழுக்க வைப்பதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

மூன்று எச்சரிக்கை. பிளீச் சூட்டிலும் வெளிச்சத்திலும் வலுவிழக்கும். ஒரு கோடை முழுக்கக் கடை அலமாரியில் வெயில் பட்ட குப்பியில் போட்ட அளவு இருக்காது, தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். சுடு வெள்ளத்தில் கலக்காதீர்கள். வாசனை சேர்த்த பிளீச், ஜெல் மாதிரிக் கெட்டியான கழிப்பறைச் சரக்கு இரண்டும் இதற்கு ஆகாது. பஞ்சாயத்துத் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், சுண்ணாம்பு வண்டல் விடும்.

நன்னாரிக்குப் பிளீச்சே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான பொருள் 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிஹைடு, வெனிலினின் நெருங்கிய உறவு. அது ஒரு பீனால். குளோரின் மிச்சம் பீனாலோடு சேர்ந்தால் குளோரோபீனால் உண்டாகும். ஆஸ்பத்திரி வராண்டா வாசம், மருந்துப் பஞ்சு வாசம் என்பார்களே, அது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரியும். இஞ்சியின் காரமான ஜிஞ்சராலும் பீனால்தான். அதனால் பிளீச் போட்டால் காய்ச்சி ஆறிய வெள்ளத்தில் இரண்டு முறை அலசாமல் விடக் கூடாது. பச்சைக் கிணற்று வெள்ளத்தில் அலசினால் நீக்கிய கிருமியை நாமே திரும்ப உள்ளே விடுகிறோம்.

மணவாளக்குறிச்சி_55
சரி, அந்த மருந்து வாசத்துக்கு இதுதான் காரணமா! நன்னாரி வேர்ல குறைன்னு நினைச்சுட்டிருந்தேன். அப்போ பிளீச் இல்லாம என்ன வழி?

இட்லிச்சட்டி (மார்த்தாண்டம்)
ஆவி. நம்ம வீட்டுல ஏற்கெனவே இருக்கிற கருவி அதுதான்.

பெரிய இட்லிப் பாத்திரத்துல மூணு விரல் வெள்ளம், மேல ஓட்டைத் தட்டு, குப்பிகளைத் தலைகீழா நிறுத்துங்க. 200 மி.லி. குப்பி நிக்கும். 650 மி.லி. நிக்கலன்னா உயரமான குட்டுவத்துல தட்டு வச்சு, மேல இன்னொரு பாத்திரத்தைக் கவுத்து மூடுங்க. வெள்ளம் பச்சையா இருக்கும்போதே குப்பி உள்ளே போயிரணும். ஆவி வலுவா வர ஆரம்பிச்ச நேரத்துல இருந்து 20 நிமிஷம். அடுப்பை அணைச்சு, மூடி திறக்காம தானா ஆற விடுங்க.

கொதிக்க வைக்கிறதும் அதே முறைதான். பாத்திரத்தோட அடியில பழைய துணி விரிச்சு, குப்பிக்குள்ள வெள்ளம் நிறைச்சுப் படுக்க வச்சு, பச்சை வெள்ளத்துல தொடங்கிக் கொதி வந்ததும் 10 நிமிஷம்.

கண்ணாடி பொட்டுமான்னு கேட்டிருந்தீங்க. சூடு கண்ணாடியை உடைக்காது. சூட்டு வித்தியாசம்தான் உடைக்கும். சாதாரணக் குப்பிக் கண்ணாடி 40 டிகிரி சுமாருக்குத் திடீர் வித்தியாசம் தாங்கும். 28 டிகிரியில இருக்கிற குப்பிமேல 100 டிகிரி வெள்ளம் ஊத்தினா வித்தியாசம் 72. அடி வட்டமா கழண்டு கையில வரும். கொதிக்கிற குப்பியை எடுத்து ஈரத் திண்ணையில, கடப்பாக் கல்லுல வச்சாலும் அதேதான். மரப்பலகை, இல்ல மடிச்ச துணி.

ஹாம்பர்க்_குழித்துறை
வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உள்ள நாட்டில் இருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 1937 மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம், அதனால் காய்ச்சும் முறைக்குள் போகவில்லை. குப்பி வேலை எல்லாப் பானத்துக்கும் ஒன்றுதான்.

பீர் காய்ச்சுபவர்கள் பரவலாக வைத்திருப்பது அலசத் தேவையில்லாத அமில மருந்து, ஸ்டார் சான் மாதிரி. பாஸ்பாரிக் அமிலமும் ஒரு நுரைக்கும் அமிலமும் சேர்ந்தது. லிட்டருக்கு 1.6 மி.லி., 1–2 நிமிஷம் நனைந்தால் போதும், கவிழ்த்து வடித்துவிட்டு உடனே நிறைக்கலாம். மிஞ்சும் நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அளவைக் கூட்டினால் மட்டும் அலச வேண்டி வரும். பிஹெச் 3-க்கு மேல் ஏறினால், அதாவது அமிலம் குறைந்தால், அதற்கு வேலை இல்லை. முட்டத்துக் கிணற்று வெள்ளத்தில் கலந்தால் உடனே கலங்கும், வலுவும் போகும். ஆர்.ஓ. வெள்ளத்தில் கலக்கவும். இந்தியாவில் இணையக் கடைகளில் கிடைத்தாலும் விலை அதிகம். 40 குப்பிக்கு இட்லிச்சட்டி முறையே போதும் என்பேன்.

கழுவலுக்குச் சோடியம் பெர்கார்பனேட் கிடைத்தால் வாங்குங்கள். 50–60 டிகிரி வெள்ளத்தில் லிட்டருக்கு 5 கிராம், ஒரு மணி நேரம். சலவை சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து செய்யும் வேலையை இது ஒன்றே செய்யும். பிரஷ் எட்டாத பழைய படலத்தைத் தூக்கிவிடும், குளோரின் கிடையாது. கரைத்தது சில மணி நேரத்தில் வலுவிழக்கும், வாளியில் சேர்த்து வைத்துப் பயன் இல்லை.

பழுப்புக் குப்பி பற்றி ஒரு வார்த்தை. பீருக்குப் பழுப்பு ஏனென்றால் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் நாற்றமடிக்கும் ஒரு கந்தகச் சேர்மமாக மாறும். இஞ்சி சோடாவில் ஹாப்ஸ் இல்லை, வெள்ளைக் குப்பியும் சரிதான். பழுப்பில் ஒரு சங்கடமும் உண்டு, உள்ளே இருக்கும் படலம் கண்ணுக்குத் தெரியாது. வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள்.

பேச்சிப்பாறை_மழை
எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். இஞ்சி உறையே காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் சேர்ந்ததுதான். இஞ்சித் தோல்ல இருந்து வந்தது. அப்படியிருக்கக் குப்பியில இன்னும் நாலு கிருமி இருந்தா என்ன? எதுக்கு இவ்வளவு பாடு?

கந்தகம்
நல்ல கேள்வி. உறையில் இருப்பது ஒரு வாரம் சீனியும் இஞ்சியும் போட்டு வளர்த்த கூட்டம். அமிலத்துக்குப் பழகி, ஒன்றையொன்று அடக்கி, ஒரே வேகத்தில் வேலை செய்யும். குப்பியில் மிஞ்சியது அப்படி இல்லை. பூஞ்சணம், வினிகர் பாக்டீரியா, கொழகொழவென்று நூல் விடும் சாதி எதுவும் இருக்கலாம். ஒரு குப்பியில் கொஞ்சம், இன்னொன்றில் நிறைய.

அதைவிடப் பெரிய காரணம் அழுத்தம். கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 4 கிராம் சீனி முழுதும் புளித்தால் ஏறத்தாழ ஒரு பங்கு வாயு, அதாவது ஒரு லிட்டர் பானத்தில் ஒரு லிட்டர் கரியமில வாயு. நல்ல சோடாவுக்கு 3 முதல் 4 பங்கு. நம் இஞ்சி சோடாவில் இனிப்புக்காக லிட்டருக்கு 80 கிராம் சீனி கரைக்கிறோம். அது முழுதும் புளித்தால் 20 பங்கு. எந்தக் குப்பியும் அதைத் தாங்காது. அது முழுதும் புளிக்காமல் நாம் நடுவில் பிரிட்ஜில் வைத்து நிறுத்துகிறோம், அதை நம்பித்தான் இந்த முழு ஏற்பாடும் நிற்கிறது.

எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்? ஒரு பிளாஸ்டிக் சோடாக் குப்பியிலும் அதே பானத்தை நிறைத்துப் பக்கத்தில் வைப்போம். அது அமுக்கினால் கல் மாதிரி ஆனதும் எல்லாவற்றையும் பிரிட்ஜுக்கு மாற்றுவோம். அந்த ஒரு குப்பி மற்ற இருபதுக்கும் சாட்சி. எல்லாக் குப்பியும் ஒரே சுத்தத்தில் இருந்தால்தான் அந்தச் சாட்சி உண்மை சொல்லும். ஒரு குப்பியின் அடியில் பழைய ஈஸ்ட் படலம் இருந்தால் அது மட்டும் வேகமாக ஓடும். சாட்சிக் குப்பி மெத்தென்று இருக்கும்போதே அது வெடிக்கும்.

பேச்சிப்பாறை_மழை
இப்போ புரியுது. பிரிட்ஜ்ல இடம் இல்லன்னா அலமாரியில வைக்கலாமா, குளிர்ச்சியான அறைதான்?

கந்தகம்
கூடாது. நம் ஊரில் குளிர்ச்சியான அறை என்பது 27, 28 டிகிரி. புளிப்பு நிற்காது. நின்றாலும் சூட்டில் வாயு கரைந்து இருக்காது. 3 பங்கு வாயு 5 டிகிரியில் சுமார் 1 பார் (ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) அழுத்தம்தான் கொடுக்கும். அதே குப்பி 30 டிகிரியில் 3.5 பார். பிரிட்ஜில் இருந்து எடுத்துத் திருவிழாப் பந்தலில் வெயில் படும் மேசையில் அடுக்குவதும் இதனால்தான் ஆபத்து. அடைக்கும்போது மேலே இரண்டு விரல், சுமார் 3 செ.மீ., காலியாக விடுங்கள். விளிம்பு வரை நிறைத்தால் சூட்டில் விரியும் பானத்துக்கு இடமே இல்லை.

வெளியே புளிக்க வைக்கும் ஒன்றிரண்டு நாளும் மூடி உள்ள பிளாஸ்டிக் கூடைக்குள், மேலே கனமான துணி போட்டு வையுங்கள். பிள்ளைகள் நடமாடும் இடம் வேண்டாம்.

கருங்கல்_சாயா
கோலி சோடாக் குப்பி நாலு இருக்கு. அதுலயும் இஞ்சி சோடா அடைக்கலாமா?

சோடா_பட்டறை (தக்கலை)
முடியாது. கோலி மேல ஏறி ரப்பர் வளையத்துல உக்காரணும்னா அடைக்கும்போதே உள்ளே அழுத்தம் இருக்கணும். மிஷின்ல வாயு ஏத்திக் கவுத்து அடைக்கிறது அதுக்குத்தான். இந்தக் குப்பியைக் கண்டுபிடிச்ச ஹைரம் காட் 1872-ல பேடன்ட் வாங்கின காலத்துல இருந்து தத்துவம் அதேதான். பைய பையப் புளிச்சு அழுத்தம் கூடுற சரக்குல கோலி அடியிலயே கிடக்கும், வாயு எல்லாம் போயிரும். அழகுக்கு வச்சிருக்கலாம். யாராவது மிஷின் வச்சு அடைக்கிறதா இருந்தா, கழுத்து ரப்பரைக் கொக்கியால எடுத்துத் தனியாக் கழுவணும். வளையத்தோட பின்பக்கம்தான் பூஞ்சணம் கூடு கட்டும். கம்பி போட்டு அழுத்துற பீங்கான் மூடிக் குப்பிக்கும் இதே விதி. வெடிச்ச, விறைச்ச ரப்பரை மாத்துங்க.

கிரௌன் மூடி (பீர் குப்பியில இருக்கிற, ஓரம் மடிச்ச தகர மூடி) 26 மி.மீ. புதுசு வாங்குங்க. ஒரு தடவை திறந்த மூடியைத் தட்டி நேராக்கி மறுபடி அடைக்காதீங்க. விளிம்பு வளைஞ்சு போச்சுன்னா ஒரு பக்கம் கசியும். மூடியைக் கொதிக்க வைக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கிற மெத்தை சூட்டுல உப்பி இளகும். காய்ச்சி ஆறின வெள்ளத்துல 200 பிபிஎம் பிளீச் கலந்து 5 நிமிஷம், அப்புறம் காய்ச்சின வெள்ளத்துல அலசல். திருகு மூடிக் குப்பியில கிரௌன் மூடி அடிக்காதீங்க, வாய் மெலிசு, சில்லு போகும்.

இட்லிச்சட்டி (மார்த்தாண்டம்)
நன்னாரிக்கு இவ்வளவு பயம் தேவையில்ல. சர்பத் பாகு 65 பிரிக்ஸ் (எடையில நூத்துக்கு 65 பங்கு சீனி) இருந்தா சீனியே காவல். நாரங்காச் சாறோ சிட்ரிக் ஆசிட்டோ சேர்த்தா இன்னும் நல்லது. சூடா அடைக்கிறதுதான் முறை. ஆவியில வச்ச குப்பி இன்னும் சூடா இருக்கும்போதே 85 டிகிரிப் பாகை ஊத்தி, மூடியை இறுக்கி, 3 நிமிஷம் தலைகீழா வைங்க. வாயும் மூடியும் அந்தச் சூட்டுலயே சுத்தமாயிரும். குப்பி ஆறிப் போயிருந்தா மறுபடி சூடாக்கணும், இல்லன்னா அடி கழலும்.

குப்பிக்குள்ள வெள்ளம் நிக்கக் கூடாது. அடியில நிக்கிற ஒரு கரண்டி வெள்ளம் பாகோட மேல்மட்டத்தை நீர்க்க வச்சிரும், பூஞ்சணம் அங்கதான் முதல்ல வரும்.

ரப்பர்_காடு (குலசேகரம்)
தேனுக்கும் அதே. ரப்பர் தேன்ல இயல்பாவே ஈரம் கூடுதல். ஈரம் 20 சதவீதம் தாண்டினா தேன் புளிக்கும். குப்பியில ஒட்டியிருக்கிற ஈரமே அதைத் தாண்ட வச்சிரும். தேன் குப்பியை ஆவி பிடிச்சதுக்கு அப்புறம் முழுசாக் காய வைக்காம நிறைக்காதீங்க.

காய வைக்கிறது இங்க பெரிய பாடு. ஜூன்ல இருந்து தென்மேற்கு, அக்டோபர்ல இருந்து வடகிழக்கு, ரெண்டு மழையிலயும் காத்துலயே ஈரம். துணி போட்டு உள்ளே துடைக்காதீங்க, துணியில உள்ள கிருமி உள்ளே போகும். பிளாஸ்டிக் கிரேட்டைக் கவுத்துப் போட்டு, அந்த ஓட்டைகள்ல குப்பியோட கழுத்தைச் சொருகி, கீழே இருந்து பேன் காத்து போற மாதிரி உயர்த்தி வைங்க. குப்பியைத் தரையில தட்டையாக் கவுத்தினா உள்ளே இருக்கிற ஆவி வெளியே வராம ராத்திரி முழுக்க ஈரமா கிடக்கும். எறும்பும் பழ ஈயும் வராம இருக்கக் கிரேட் காலுக்கு அடியில வெள்ளக் கிண்ணம். பழ ஈ காலுல வினிகர் பாக்டீரியா கொண்டு வரும்.

கருங்கல்_சாயா
எல்லாருக்கும் நன்றி. இப்போ திட்டம் இதுதான், தப்பு இருந்தா சொல்லுங்க. சனிக்கிழமை தரம் பிரிச்சு, சலவை சோடாவுல ஊறவச்சு, பிரஷ், அலசல், மஞ்சள் சோதனை. ஞாயிறு ஆவியில வச்சு, மூடி போட்டு எடுத்து வைக்கிறேன். உறை தயாரானதும், ஒரு வாரம் கழிச்சு, நேரா நிறைக்கிறேன்.

இட்லிச்சட்டி (மார்த்தாண்டம்)
சனிக்கிழமை வேலை சரி. ஞாயிறு வேலையை நிறைக்கிற அன்னிக்கு மாத்துங்க. ஆவி பிடிச்ச குப்பி ஒரு வாரம் அப்படியே கிருமி இல்லாம இருக்காது. ஈரத்தோட மூடி போட்டு வச்சா உள்ளே பூஞ்சணம் வளர்றதுக்கு நாமே அறை கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிரும். கழுவிக் காய வச்ச குப்பியைத் திறந்த வாயில அலுமினியத் தாள் மட்டும் சுத்தி, தலை நிமிர்த்தி, பெட்டியில வைங்க. நிறைக்கிற அன்னிக்குக் காலையில ஆவி, ஆறினதும் இஞ்சி சோடா. நன்னாரின்னா ஆற விடாம.

ஹாம்பர்க்_குழித்துறை
குடித்து முடித்த உடனே மூன்று தடவை வெள்ளம் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். காய விட்டால்தான் படலம். அப்படிச் செய்த குப்பிக்கு அடுத்த தடவை ஊறலோ பிரஷ்ஷோ தேவைப்படாது, சோடா வெள்ளத்தில் ஒரு அலசலும் ஆவியும் போதும். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும்போதே பக்கத்தில் ஒரு வாளி வெள்ளம் வைத்து, காலிக் குப்பியை அதில் போடச் சொல்லுங்கள்.

கருங்கல்_சாயா
தரம் பிரிச்சாச்சு. பீர் குப்பி 24-ல 5 வாய் சில்லு, 3 தோள் தேய்ஞ்சது. தேய்ஞ்ச 3-ம் சர்பத்துக்கு. பிராந்திக் குப்பி ஒண்ணுல லேசா அமோனியா வாசம், கழிச்சாச்சு. நுரைக்கிற சரக்குக்குத் தேறினது 16 பீர் குப்பி, 18 கூல்டிரிங்ஸ் குப்பி.

சோடா_பட்டறை (தக்கலை)
கழிச்ச குப்பியை உடைக்காமத் தனிச் சாக்குல கட்டி, மேல எழுதிக் கொடுங்க. சும்மா கொடுத்தா ஆக்கர் கடையில இருந்து வேற யாரோ அதையே கழுவத் தொடங்குவாங்க. தேறின 34 குப்பிக்கும் அடியில பெயின்ட்ல ஒரு புள்ளி. ஒவ்வொரு தடவை நிறைக்கும்போதும் இன்னொரு புள்ளி. எத்தனை சுத்து ஓடியிருக்குன்னு தெரியும், எது பொங்குதுன்னும் பிடிபடும். பொங்கின குப்பியைத் தனியா எடுத்துப் பெர்கார்பனேட்டுல ஊறவைங்க. மறுபடியும் பொங்கினா சர்பத்துக்கு மாத்திருங்க.